பாலித் பணம் போன வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் வக்கீல்களிடம் சேர்ந்த பணத்துக்கு ஊற்று நிலம்தான். 1793இல் கார்ன்வாலிஸ் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டம் வங்கத்தில் ஜமீன்தார்களை நிலைநாட்டியது. ஜமீன்தார்கள் எல்லைத் தகராறு, வாரிசுத் தகராறு, அடமானத் தகராறு என்று உயர் நீதிமன்றத்தை நிறைத்தார்கள். உழுதவன் கட்டிய வாரம் ஜமீன்தார் பெட்டி வழியாக வக்கீல் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. அப்படி நிறைந்த பெட்டிகளில் ஒன்றின் சொந்தக்காரர் தாரகநாத் பாலித். 1831இல் பிறந்தவர், நடுவயதில் இங்கிலாந்து போய் பாரிஸ்டராகத் திரும்பியவர். வழக்குகளில் சம்பாதித்தார், வீடு வாங்கினார், மனை வாங்கினார். இதுவரை இந்தப் பணத்தின் கதையில் சொல்ல ஒன்றுமில்லை. பணக்கார வக்கீல்கள் எல்லா ஊரிலும் உண்டு.

1905இல் கர்சன் வங்கத்தைப் பிரித்ததும் சுதேசி இயக்கம் கிளம்பியது. அந்நியத் துணி வேண்டாம் என்றவர்கள் அந்நியப் படிப்பும் வேண்டாம் என்றார்கள். கோல்திகிக் குளத்தங்கரையில் இருந்த கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு ‘அடிமைக்கூடம்’ என்று பெயர் வைத்தார்கள். மாற்றாக நம் கையால் ஒரு கல்வி என்று புறப்பட்டவர்கள் 1906இல் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். இலக்கியம், தத்துவம், விஞ்ஞானம் எல்லாம் சேர்ந்த முழுக் கல்வி வேண்டும் என்றது ஓர் அணி. வயிற்றுக்கு உதவும் தொழிற்கல்விதான் முதலில் என்றது மற்றது. பாலித் இரண்டாம் அணி. 92, அப்பர் சர்குலர் ரோடு என்ற தன் வீட்டிலேயே வங்கத் தொழில்நுட்பக் கழகத்தை நடத்த இடம் கொடுத்தார். 1910இல் இரண்டு அணிகளும் ஒன்றாயின. அந்த அமைப்புதான் பின்னாளில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

பாலித் ஆனால் 1912இல் சுதேசித் தோழர்களை விட்டு விலகி, தன் சொத்தை அந்த ‘அடிமைக்கூடத்துக்கே’ எழுதிக் கொடுத்தார். ஜூனில் ஒரு பத்திரம், அக்டோபரில் இன்னொன்று. நிலம், வீடுகள், ரொக்கம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 15 லட்சம் ரூபாய். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

அவரை அந்தப் பக்கம் திருப்பியவர் ஆசுதோஷ் முகர்ஜி. உயர் நீதிமன்ற நீதிபதி, கணித மேதை, 1906 முதல் பல்கலைக்கழகத் துணைவேந்தர். தான் அமர்ந்திருக்கும் நீதிமன்றத்தில் சம்பாதித்த வக்கீல்களிடமே ஒரு நீதிபதி நன்கொடை கேட்பது இன்று நடந்தால் பத்திரிகைகள் சும்மா விடாது. ஆசுதோஷ் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவரே கொடையில் வளர்ந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பருத்தியில் கொழித்த பம்பாய் வியாபாரி பிரேம்சந்த் ராய்சந்த் 1866இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு லட்சம் கொடுத்திருந்தார். போர் முடிந்து பருத்தி விலை சரிந்ததும் ராய்சந்த் திவாலானார். கொடுத்த பணம் மட்டும் பத்திரமாக இருந்தது. அதிலிருந்து வந்த உதவித்தொகையை 1886இல் வென்றவர்களில் ஒருவர் ஆசுதோஷ். எந்தப் பணம் நிலைக்கும், எது நிலைக்காது என்பதற்கு அவருக்கு வேறு பாடம் தேவைப்பட்டிருக்காது.

பாலித் பத்திரத்தின் நிபந்தனைகள் கறாரானவை. இயற்பியலுக்கு ஒன்று, வேதியியலுக்கு ஒன்று என இரண்டு பேராசிரியர் இருக்கைகள். அவற்றில் உட்காருபவர் இந்தியராக மட்டுமே இருக்க வேண்டும். ஆய்வுக்கூடம் கட்டப் பல்கலைக்கழகமும் தன் கையிலிருந்து இரண்டரை லட்சம் போட வேண்டும்.

‘இந்தியர் மட்டும்’ என்பதில் வெறும் வீம்பு இல்லை. அரசுக் கல்லூரிகளில் வெள்ளையருக்கு ஒரு சம்பள வரிசை, இந்தியருக்கு இன்னொன்று. எடின்பரோவில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பிய பிரபுல்ல சந்திர ராயை மாதம் 250 ரூபாய்க்கு பிரசிடென்சி கல்லூரியில் உட்கார வைத்தார்கள். அதே கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ், வெள்ளையரைவிடக் குறைந்த சம்பளத்தைத் தொடமாட்டேன் என்று மூன்று ஆண்டு வாங்காமலே பாடம் நடத்தினார். பாலித்தின் ஒரு வரி நிபந்தனை இந்த அவமானத்துக்குச் சொன்ன பதில்.

அடுத்த ஆண்டே இன்னொரு வக்கீல் வந்தார். ராஷ்பிகாரி கோஷ், அடமானச் சட்டத்தில் நாடறிந்த அறிஞர். நாற்காலிகள் பறந்த 1907 சூரத் காங்கிரசுக்கும் அடுத்த ஆண்டு சென்னையில் அமைதியாக நடந்த காங்கிரசுக்கும் தலைமை தாங்கியவர். அவர் கொடுத்தது பத்து லட்சம். பயன்பாட்டுக் கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல் என நான்கு இருக்கைகள். ஒவ்வொன்றோடும் இரண்டு ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகை. பேராசிரியரை மட்டும் நியமித்து விட்டுவிடாமல் அவர் கீழே வேலை செய்ய இரண்டு இளைஞர்களுக்கும் சோறு போட வேண்டும் என்று யோசித்த வகையில், கோஷ் பாலித்தைவிட ஒரு படி மேல் என்பேன்.

இப்படிப்பட்ட கொடையில் முதலைத் தொடக்கூடாது. அந்தக் காலத்து அரசுக் கடன் பத்திரம் ஆண்டுக்கு மூன்றரை சதவீதம் வட்டி தரும். பத்து லட்சத்துக்கு 35,000 ரூபாய். அதற்குள் சம்பளம், உதவித்தொகை, கண்ணாடிக் குழாய், பாதரசம் எல்லாம். சோழர் கல்வெட்டுகளில் கோயில் நந்தாவிளக்குக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று 96 ஆடுகளை விடுவார்கள். இடையர் ஆட்டை வைத்துக்கொண்டு நாளும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு சாகும், குட்டி பிறக்கும், எண்ணிக்கை குறையாது. பல்கலைக்கழக இருக்கைக்கும் கணக்கு அதேதான். ஒரு வித்தியாசம்: ஆடு குட்டி போடும், மூன்றரை சதவீதப் பத்திரம் போடாது. விலைவாசி ஏறினால் அதே வட்டி ஆண்டுக்கு ஆண்டு மெலியும். 1912இல் இதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

அரசிடமும் ஆசுதோஷ் கேட்டார். கிடைக்கவில்லை. இரண்டு வக்கீல்களின் பணத்தை நம்பியே 1914 மார்ச் 27 அன்று, துணைவேந்தர் பதவி முடிய நாலே நாள் இருக்கும்போது, பாலித் கொடுத்த மனையில் விஞ்ஞானக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். அந்த அக்டோபரில் பாலித் இறந்துபோனார். தன் பணம் என்ன ஆகும் என்று பார்க்க அவருக்குக் கிடைத்தது ஒரு கல்லும் கொஞ்சம் சுண்ணாம்பும்தான்.

அடுத்து நடந்தது கூத்து. கட்டிடம் எழுந்தது, 1916இல் எம்.எஸ்சி. வகுப்புகள் தொடங்கின, இயற்பியலில் இரண்டு இருக்கைகளும் காலி. கோஷ் இருக்கைக்குத் தேர்வான தேபேந்திர மோகன் போஸ் மேற்படிப்புக்காக 1914இல் பெர்லின் போனார். போன உடனே உலகப் போர் வெடித்தது. எதிரி நாட்டுப் பிரஜையாக 1919 வரை திரும்ப முடியவில்லை. பாலித் இருக்கைக்கு அழைக்கப்பட்டவர் கல்கத்தாவிலேயே நிதித்துறையில் அதிகாரியாக இருந்தார். அவரும் வந்து சேரவில்லை.

அந்த வெற்றிடத்தில் இரண்டு பையன்கள் நுழைந்தார்கள். மேகநாத் சாகா, சத்யேந்திரநாத் போஸ். இருவருக்கும் 22 வயது. முதலில் கணிதத் துறையில்தான் சேர்த்தார்கள். அங்கே கோஷ் பேராசிரியர் கணேஷ் பிரசாத் கடுமையானவர். ஒத்துப்போகாமல் இருவரும் தலைவரே இல்லாத இயற்பியல் பக்கம் நழுவிவிட்டார்கள். தாங்கள் எம்.எஸ்சி.யில் படிக்காத இயற்பியலை மாணவர்களுக்கு நடத்த வேண்டும். புதிய இயற்பியலோ ஜெர்மன் மொழியில் இருந்தது. போரினால் புத்தகங்கள் வரவில்லை. ஷிப்பூர் பொறியியல் கல்லூரியில் இருந்த ப்ரூல் என்ற ஐரோப்பியப் பேராசிரியரின் அலமாரியில் சில ஜெர்மன் நூல்கள் இருந்தன. இரவல் வாங்கினார்கள், மொழியைக் கற்றார்கள், இரவில் படித்ததைப் பகலில் நடத்தினார்கள். ஐன்ஸ்டைனின் சார்புக் கோட்பாட்டுக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள்; 1920இல் கல்கத்தாப் பல்கலைக்கழகமே அதை நூலாக வெளியிட்டது. உலகில் வேறெங்கும் அதற்குமுன் அக்கட்டுரைகள் ஆங்கிலத்தில் நூலாகவில்லை.

அந்த ஆண்டே சாகாவின் அயனியாக்கக் கட்டுரையும் வெளியானது. நட்சத்திர ஒளியை வைத்தே அங்குள்ள வெப்பத்தைக் கணக்கிட வழி சொன்ன சமன்பாடு அதிலிருந்து பிறந்தது. சாகா டாக்காவுக்கு அருகில் ஒரு சிற்றூர்க் கடைக்காரரின் மகன். பள்ளியில் படிக்கும்போது கவர்னர் வருகையை எதிர்த்த குற்றத்துக்காக உதவித்தொகையை இழந்தவர். அவர் ஐரோப்பா போய் வரப் பணம் கொடுத்தவற்றில் ஒன்று பிரேம்சந்த் ராய்சந்த் நிதி. திவாலான வியாபாரியின் அதே இரண்டு லட்சம்.

நிதித்துறை அதிகாரிக்கு வருவோம். அவர் திருவானைக்காவலில் பிறந்த சந்திரசேகர வெங்கட ராமன். மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரியில் எம்.ஏ. முடித்தபோது அவரைச் சோதித்த டாக்டர், இங்கிலாந்துக் குளிரை இந்த உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார். மெட்ராசில் விஞ்ஞானம் செய்து பிழைக்க அன்று வழி கிடையாது. நிதித்துறைப் பரீட்சை எழுதி 1907இல் கல்கத்தாவுக்கு உதவிக் கணக்காயராகப் போனார். பௌபஜார் தெரு 210ஆம் எண்ணில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் இருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் ஊரெல்லாம் சந்தா திரட்டி 1876இல் நிறுவியது. அங்கிருந்த ஆய்வுக்கூடத்துக்கு விஜயநகரம் மகாராஜா பணம் கொடுத்திருந்தார். கருவிகள் இருந்தன, ஆளில்லை. ஆபீசுக்கு முன் விடியற்காலையிலும் ஆபீசுக்குப் பின் இரவிலும் ராமன் அங்கே வேலை செய்தார். வீணையையும் மிருதங்கத்தையும் ஆராய்ந்தார்.

ஆசுதோஷ் அவரைத்தான் பாலித் இருக்கைக்குக் கேட்டார். ஒரு தடை இருந்தது. அந்த இருக்கைக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. ராமனோ கடல் தாண்டாதவர். போய் வாருங்கள் என்றார்கள். கற்றுக்கொள்ள நான் ஏன் போக வேண்டும் என்ற தொனியில் மறுத்தார். விதியை வைத்துக்கொள்வதா, ஆளை வைத்துக்கொள்வதா? ஆசுதோஷ் விதியைத் தளர்த்தினார். என் கணக்கில் இந்தப் பணத்தின் பயணத்தில் மிக முக்கியமான திருப்பம் இதுதான். நன்கொடைகள் பெரும்பாலும் களவாலோ ஊழலாலோ சாவதில்லை. நல்ல எண்ணத்தோடு எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தொங்கும் குமாஸ்தாக்களால் சாகின்றன.

1917 ஜூலையில் ராமன் அரசு வேலையை விட்டுவிட்டு வந்தார். வயது 28. சம்பளம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பாலித் பேராசிரியர் வகுப்பெடுக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. ஆய்வு செய்தால் போதும். ராமன் இரண்டையும் செய்தார்.

ஆய்வை அவர் பெரும்பாலும் செய்தது பாலித் மனையில் எழுந்த கட்டிடத்தில் அல்ல, பழையபடி பௌபஜாரில்தான். கணக்குத் தணிக்கையாளர் ஒருவர் உட்கார்ந்து பார்த்தால் பாலித் பணம் பக்கத்துத் தெருவுக்குக் கசிகிறது என்றுகூட எழுதியிருக்கலாம். சம்பளம் ஒரு கொடையிலிருந்து, கருவி இன்னொரு கொடையிலிருந்து. பாலித்தின் வட்டி ராமனுக்கு வாங்கிக் கொடுத்தது காலை பத்து முதல் மாலை ஐந்து வரையிலான நேரம், அவ்வளவே. அதுவரை அந்த நேரம் அரசின் வரவு செலவுக் கணக்குக்குச் சொந்தமாக இருந்தது.

வெளிநாட்டுப் பயிற்சியை மறுத்தவர் 1921இல் முதல்முறை கப்பலேறினார். ஆக்ஸ்போர்டில் நடந்த பேரரசுப் பல்கலைக்கழக மாநாட்டுக்குக் கல்கத்தாவின் பிரதிநிதியாக. மத்தியதரைக் கடலின் நீலம் அவரைத் தொந்தரவு செய்தது. வானத்தின் நிறம் கடலில் தெரிகிறது என்பதுதான் அன்றைய விளக்கம். அது தவறு, நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று திரும்பும் வழியில் கப்பலிலேயே எழுதத் தொடங்கினார். அடுத்த ஏழு ஆண்டும் அந்தச் சிதறலின் பின்னால் போயின.

அந்த ஏழாண்டில் தெற்கிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பாலக்காட்டுக்காரர் கே.ஆர். ராமநாதன் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகையில் வந்தார். 1923இல் சிதறிய ஒளியில் மங்கலாக வேறொரு நிறம் தெரிவதைக் கண்டு, ‘பலவீனமான ஒளிர்வு’ என்று குறித்தார். திரவத்தில் அழுக்கு இருக்கும் என்று சுத்தப்படுத்திப் பார்த்தார்கள், நிறம் போகவில்லை. எஸ். வெங்கடேஸ்வரன் கிளிசரினை ஆராய்ந்தபோது நீலம் தெரிய வேண்டிய இடத்தில் பச்சை தெரிந்தது. அவருக்கு அரசு ஆய்வுக்கூடத்தில் வேலை. விடுமுறையிலும் ஓய்விலும்தான் இது. வத்திராயிருப்பில் பிறந்து மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் படித்த கே.எஸ். கிருஷ்ணன், 1920இல் கல்கத்தா வந்து விஞ்ஞானக் கல்லூரியில் ராமனிடம் பாடம் கேட்டு, 1923இல் பௌபஜார் கழகத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தார். 1928இன் தொடக்க வாரங்களில் திரவம் திரவமாக, ஆவி ஆவியாகப் பரிசோதித்தது பெரும்பாலும் அவர் கண்ணும் கையும்தான். பிப்ரவரி 28 அன்று நிறமாலைமானியில் அந்தப் புதிய ஒளி தனிப்பட்டையாகத் தெரிந்தது. அதுதான் ராமன் விளைவு. 1930இல் நோபல். கல்கத்தாவில் பெருமையோடு முணுமுணுப்பும் இருந்தது: ஏன் எல்லாம் மதராசிப் பையன்கள்? அந்த முணுமுணுப்பு வளர்ந்து, 1934இல் பௌபஜார் கழகத்தின் உறுப்பினர் கூட்டமே ராமனுக்கு எதிராகத் திரும்பியது. அதற்கு முந்தைய ஆண்டே அவர் பெங்களூர் போய்விட்டார், ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் கொடையில் எழுந்த நிறுவனத்துக்கு முதல் இந்திய இயக்குநராக.

பாலித்தின் இன்னொரு இருக்கை, வேதியியல், வேறு மாதிரி வாழ்ந்தது. 1916இல் பிரசிடென்சியிலிருந்து ஓய்வு பெற்ற பிரபுல்ல சந்திர ராய், அந்த 250 ரூபாய்க்காரர், அதில் அமர்ந்தார். கல்லூரி மாடியிலேயே ஒரு அறை. கட்டில், சில நாற்காலிகள், புத்தகம். மனைவி மக்கள் இல்லை, சுற்றிலும் மாணவர்கள். 1921இல் அறுபது வயதானதும் இனி என் சம்பளம் எனக்கு வேண்டாம், வேதியியல் துறைக்கே திருப்பிச் செலவழியுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு 15 ஆண்டு வேலை பார்த்தார். பாலித் கொடுத்த வட்டி ராயின் கையைத் தொட்டுவிட்டுத் திரும்பப் பல்கலைக்கழகத்துக்கே போனது. 1944இல் அதே அறையில் இறந்தார். அப்பர் சர்குலர் ரோட்டுக்கு இன்று ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ரோடு என்று பெயர். மனை கொடுத்தவர் பெயர் பாலிகஞ்ச் வளாகத்தில் இருக்கிறது. ராஜாபஜாரில் அவர் மனையில் நிற்கும் வளாகத்துக்கு ராஷ்பிகாரி பெயர். பெயர்களைப் பங்கு போட்டதில் யாருக்கும் நஷ்டமில்லை.

இடையில் ஒரு சண்டை. வகுப்புகளைக் கண்டபடி விரித்த ஆசுதோஷ் பல்கலைக்கழகத்தைக் கடனில் மாட்டிவைத்திருந்தார். இதில் அவரைக் குறை சொன்னவர்கள் முழுக்கத் தவறில்லை. 1922இல், அவர் மீண்டும் துணைவேந்தராக இருந்தபோது, வங்க அரசு இரண்டரை லட்சம் தர முன்வந்தது, தன் மேற்பார்வைக்கு வழிசெய்யும் நிபந்தனைகளோடு. பாலித்தின் நிபந்தனைகளுக்குத் தலையாட்டிய அதே ஆசுதோஷ் இவற்றை ஏற்கவில்லை. ஆளுநர் லிட்டனோடு கடிதப் போர் நடத்தினார். இதில் முரண் இருப்பதாக எனக்குப் படவில்லை. பாலித் யார் உட்கார வேண்டும் என்று மட்டும் சொன்னார். உட்கார்ந்தவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. கேட்டு நச்சரிக்க 1914க்குப் பிறகு அவர் உயிரோடும் இல்லை.

1938இல் பாலித் இயற்பியல் இருக்கைக்கு மேகநாத் சாகா வந்தார். இருபத்திரண்டு ஆண்டுக்குமுன் காலியான இருக்கையின் நிழலில் புத்தகம் இரவல் வாங்கிப் படித்தவர் இப்போது அதில் அமர்ந்தபோது, இயற்பியலின் விலையே மாறிப்போயிருந்தது. ராமன் விளைவுக்குச் சூரிய வெளிச்சமும் சில லென்சுகளும் போதுமாக இருந்தன. சாகாவுக்கு வேண்டியது அணுக்கருவைப் பிளந்து பார்க்க ஒரு சைக்ளோட்ரான். பல டன் எடையுள்ள காந்தம் தேவைப்படும் இயந்திரம். அதைப் பாலித் வட்டியில் கனவுகூடக் காண முடியாது. நேரு சொல்லி, தோராப்ஜி டாட்டா அறக்கட்டளை 60,000 ரூபாய் கொடுத்தது, பிர்லாக்களும் கொடுத்தார்கள். சாகாவின் மாணவர் நாக் சௌதுரி கலிபோர்னியாவில், சைக்ளோட்ரானைக் கண்டுபிடித்த லாரன்சிடம் பயின்று பாகங்களை அனுப்ப ஏற்பாடு செய்தார். காந்தத்துக்கான பாகங்கள் வந்தன. வெற்றிடப் பம்புகளை ஏற்றிவந்த கப்பல் போரில் மூழ்கியது.

பம்புகளை இங்கேயே செய்ய முயன்றார்கள். ஆண்டுகள் ஓடின. சாகாவின் அணு இயற்பியல் நிறுவனத்துக்கு 1948இல் அடிக்கல் நாட்டியவர் ஆசுதோஷின் மகன் சியாமா பிரசாத் முகர்ஜி. 1950 ஜனவரியில் திறந்துவைக்க பாரிசிலிருந்து ஐரீன் ஜோலியோ-கியூரி வந்தார். அதற்குள் வக்கீல்களின் காலம் முடிந்திருந்தது. இயந்திரம் வாங்க, ஆள் போட, மின்சாரக் கட்டணம் கட்ட எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் டெல்லிக்குப் போனது. அணுசக்திக்கு யார் கையில் எவ்வளவு பணம் என்பதில் சாகாவுக்கு அரசோடு ஓயாத சச்சரவு. 1952 பொதுத்தேர்தலில் வடமேற்குக் கல்கத்தாவில் சுயேச்சையாக நின்று ஜெயித்து, பாலித் பேராசிரியர் தானே டெல்லிக்குக் கிளம்பிப் போனார்.